குழலுக்குள் அடங்கிய தீ

தங்கவயல் தமிழர்க்கு வெடிமருந்தின் இயல்பு புதிதன்று. 2001-இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, பாறையைத் துளைத்து மருந்து திணித்து வெடிப்பது நம் முன்னோர் பலரின் அன்றாடத் தொழில். துளையை அடைத்துவிட்டால் பாறை பிளக்கும். குழலில் இட்டுப் பின்புறம் வழிவிட்டாலோ, அதே தீ குழலையே முன்னே உந்தும். இராக்கெட்டின் தத்துவம் இவ்வளவே. ஆனால் அத்தீயைத் தாங்கும் குழல் வேண்டுமே!

நம் வயலுக்கு அண்மையிலுள்ள பூதிகோட்டை ஐதர் அலி பிறந்த ஊர். அவர் படையினர் மருந்தை இரும்புக் குழலில் இறுக அடைத்தனர். அதன் வன்மையை 1780-இல், காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப்படை கண்டது. பின்னர் மைசூர்க் குழல்களை ஆராய்ந்தே காங்கிரீவ் தம் இராக்கெட்டுகளைச் சமைத்தார்.

போருக்குத் தீயை அடக்கினால் போதும். செயற்கைக்கோளுக்கோ அதனை நெறிப்படுத்தவும் வேண்டும். இராமேசுவரத்து அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3, நான்கு கட்டத் திண்ம எரிபொருள் ஊர்தி. உயரம் 22 மீட்டர், எடை 17 டன். 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த அது, கடலில் வீழ்ந்தது. எரிபொருள் பழுதன்று, இரண்டாம் கட்டத்தைத் திசைப்படுத்தும் அமைப்பில், ஒரு வால்வின் வழியே அமிலம் கசிந்துவிட்டது. அவ்வளவு சிறிய பிழை!

வெற்றியினும் அதற்கடுத்த பதினோரு மாதங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். குறையைத் தேடினர், திருத்தினர், மீண்டும் ஏவினர். 1980 சூலை 18 அன்று, 35 கிலோ எடையுள்ள ரோகிணி புவியைச் சுற்றத் தொடங்கிற்று. பொள்ளிலூர்ப் போருக்கு அது இருநூறாம் ஆண்டு.