முரளியின் முழங்கையும் எமது தராசும்

1995 டிசம்பர் 26. மெல்பேர்ன் மைதானத்தில் முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் எனக் கருதி, நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு தடவை 'நோ போல்' அறிவித்தார். அன்று கொக்குவில் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. ஒக்டோபர் 30 இல் தொடங்கிய இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் அப்பாலும் போய்விட்டனர். டிசம்பர் 5 இல் இராணுவம் யாழ்ப்பாண நகரில் கொடியேற்றியிருந்தது. அதே நாட்டின் அணிக்காக ஆடிய தமிழர் ஒருவர் அந்நிய மண்ணில் அவமானப்பட்டார். அதற்காக வருந்துவதா என்பதுகூட அன்று எம்மவர்க்கு இலகுவான கேள்வியாக இருக்கவில்லை.

அது இனத்துவேஷமா, பந்துவீச்சின் குறையா?

அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்கக் கூடாது. 1963 டிசம்பரில் இயன் மெக்கிஃப் என்ற வெள்ளை அவுஸ்திரேலியரையும் பிரிஸ்பேனில் அந்நாட்டு நடுவர் ஒருவரே இதே காரணத்துக்காகத் தண்டித்தார். அத்துடன் அவர் ஓய்வு பெற்றார். எனவே சந்தேகம் எழுந்ததையே துவேஷம் என்றுவிட முடியாது.

ஆனால் பின்பு நடந்தவை வேறு. 1996 ஜனவரியில் ரொஸ் எமர்சன், முரளி வீசிய லெக் பிரேக்கைக்கூட எறிபந்து என்றார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத கை அது; எறிவதுபோலத் தோன்றுவது கண்மயக்கு என்று அதே ஆண்டில் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. அதன்பின்னரும் பார்வையாளர் கூச்சல் ஓயவில்லை. 2004 இல் பிரதமர் ஜோன் ஹோவார்டே அவரை எறிபவர் என்றார். அவ்வாண்டு ஜூலைச் சுற்றுப்பயணத்தை முரளி தவிர்த்தார். ஏறக்குறைய எல்லாப் பந்துவீச்சாளரின் கையும் ஓரளவு மடங்கி நிமிர்கிறது என்று ஆய்வுகள் காட்டியதால், 2005 இல் சர்வதேச கிரிக்கெட் சபை அனைவருக்கும் 15 பாகை என எல்லை வகுத்தது. மறுபுறம், தடைசெய்யப்பட்ட மருந்துக்காக 2003 இல் ஓராண்டுத் தடை பெற்ற ஷேன் வோர்னை அதே இரசிகர்கள் கரகோஷத்துடன் வரவேற்றனர். சான்று வந்த பிறகும் மாறாத சந்தேகத்துக்கு வேறு பெயர் உண்டு.

இனி எம் பக்கம் பார்ப்போம். 2019 இல் முரளி கோத்தாபய ராஜபக்சவை ஆதரித்தார். போர் முடிந்த 2009 குறித்து அவர் சொன்னவை தமிழரைப் புண்படுத்தின. இரு தரப்பு உயிரிழப்பும் நின்றதையே குறிப்பிட்டதாக அவர் பின்னர் விளக்கினார். எதிர்ப்பு வலுத்து, 2020 ஒக்டோபரில் '800' படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார். இங்கே கோபத்துக்குக் காரணம் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அச்சொற்களைக் கேள்வி கேட்டது நியாயமே.

ஆனால் "மலையகத்தான்தானே, அவனுக்கு எங்கள் வலி எப்படித் தெரியும்?" என்று ஒருவர் சொல்லும்போது விடயம் மாறிவிடுகிறது. 1977 வன்செயலில் மலையகத் தமிழரும் அடிபட்டார்கள், துரத்தப்பட்டார்கள். அவர் பேசியதைக் கண்டிக்கலாம். பிறந்த இடத்தை இழுத்தால், மெல்பேர்னில் கூச்சலிட்டவர்களுக்கும் எமக்கும் வித்தியாசம் இல்லை.