உழவின் தோற்றமும் மகளிர் உழைப்பும்

வரலாறு என்றவுடன் அரசர் பெயரும் போர்க்களமும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆனால் அரசரும் அரண்மனையும் தோன்றுதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்னரே, மக்கள் உணவு தேடி வாழ்ந்த வரலாறு ஒன்று உண்டு. அதனை எழுதி வைத்தார் ஒருவரும் இலர். எனினும் மண்ணும் கல்லும் எலும்பும் அதற்குச் சான்று பகர்கின்றன. அத்தகைய சான்று கிடைத்த ஓர் இடத்தைப் பற்றி ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

சிரியா நாட்டில் யூப்ரடீஸ் ஆற்றின் கரையில் அபு ஹுரேரா என்னும் மேடு ஒன்று இருந்தது. தப்கா அணை எழுந்தபோது, அம்மேடு நீரில் மூழ்கிவிடும் என்பது தெளிவாயிற்று. ஆதலின் ஆண்ட்ரூ மூர் என்னும் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் 1972, 1973 ஆகிய ஈராண்டுகளில் அதனை விரைந்து அகழ்ந்தார். இன்று அவ்விடம் ஏரியின் அடியிற் கிடக்கின்றது.

அகழ்ந்த மண்ணை அவர்கள் வாளா கொட்டிவிடவில்லை, நீரிலிட்டுக் கலக்கினர். மண் அடியில் தங்க, பண்டை அடுப்புகளிற் கரிந்த விதைகள் மேலே மிதந்தன. அவற்றைக் கார்டன் ஹில்மன் என்னும் தாவர நூலறிஞர் இன்ன செடிக்குரியது இவ்விதை என வகைப்படுத்தினார். ஏறத்தாழ 13,000 ஆண்டுகட்கு முன் அங்கே முதலிற் குடியேறியோர் உழவரல்லர் என்பது இவ்வாற்றான் விளங்கிற்று. அவர்கள் மண்ணிற் குழி தோண்டிக் குடில் அமைத்தனர். நூற்றுக்கு மேற்பட்ட செடிவகைகளிலிருந்து உணவு தொகுத்தனர். கெஸல் என்னும் சிறு மான்களை வேட்டையாடினர். உழவு தோன்றிய பின்னரே மக்கள் ஓரிடத்தில் நிலைத்தனர் என முன்னர்ப் பலரும் கருதினர். இங்கோ ஊர் முந்தியது, உழவு பிந்தியது.

உழவு வந்ததற்குக் காரணம் யாது? ஏறத்தாழ 12,900 ஆண்டுகட்கு முன் குளிரும் வறட்சியும் மிக்க காலம் ஒன்று தொடங்கி, ஆயிரம் ஆண்டுகட்கு மேல் நீடித்தது. காட்டு உணவு அருகியது. அந்நெருக்கடியில் அம்மக்கள் ரை என்னும் தானியத்தை விதைத்துப் பயிரிட்டனர் என்பது ஹில்மன் துணிபு. வேறு சில அறிஞர் இதற்கு உடன்படார். ஆயினும், பின்னர் அவ்விடத்தே மண்கல் வீடுகளோடு எழுந்த பேரூரில் கோதுமையும் வாற்கோதுமையும் பருப்பு வகைகளும் விளைந்தன என்பதில் ஐயமில்லை.

இனி, எம் நெஞ்சை மிகவும் தொட்ட செய்தியைக் கூறுவோம். அம்மேட்டிற் புதைந்திருந்த எலும்புகளைத் தேயா மோலசன் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். பலருடைய கால் பெருவிரல் மூட்டும் முழங்காலும் முதுகெலும்பும் பழுதுற்றிருந்தன. மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, நம் அம்மியை ஒத்த கல்லின்மேல் நாள்தோறும் நெடுநேரம் தானியம் அரைத்தமையே அதற்குக் காரணம் என அவர் கண்டார். அப்பழுது பெரும்பாலும் மகளிர் எலும்புகளிலேயே காணப்பட்டது. உழவு ஊருக்குச் சோறளித்தது; அச்சோற்றின் விலையைப் பெண்டிர் தம் முழங்காலாற் செலுத்தினர்.

இதனைப் படித்தபோது எம் பாட்டியாரின் நினைவு வந்தது. விடியுமுன் திரிகையின் ஒலி கேட்டே யாம் விழித்த நாட்கள் பல. முதுமையில் அவர் சுவரைப் பற்றியே எழுந்து நின்றார். அந்நோவு எதனால் வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்டிலோம், யாமும் கேட்டிலோம்.

நம் சங்கத்து அன்பர் பலர் குலவரலாறு தொகுப்பதில் ஆர்வம் காட்டுகின்றனர். அது நன்றே. ஆனால் எமக்கு வரும் வம்சாவளிகளில் தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களே நிறைந்துள்ளன. தாய்மார் பெயர் ஒன்றேனும் இல்லை. 'எம் குடியே தொன்மைக் குடி' என்று சான்றின்றி மொழிதலும் ஆங்காங்கே காணப்படுகின்றது. கரிந்த விதை ஒன்றையும் வீணாக்காது நீரில் அலசி எடுத்த அறிஞரிடம் நாம் கற்க வேண்டுவது, சான்றுள்ளதையே கூறும் அடக்கமும், சிறியதென ஒன்றையும் தள்ளாத கவனமுமாம்.

ஆதலின் அன்பர்கள் தத்தம் இல்லத்து மூதாட்டியரிடம் அமர்ந்து, அவர் தம் தாயார் பெயரையும், அவர் செய்த தொழிலையும், உண்ட உணவையும் கேட்டு எழுதி வைப்பாராக. மண்ணில் எலும்பு பல்லாயிரம் ஆண்டு காத்திருக்கும். மூதாட்டியர் நினைவு அங்ஙனம் காத்திராது.