சபர்மதித் தறிக்கூடம்

அகமதாபாத் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் எழுவன பஞ்சாலைகளின் புகைபோக்கிகளே. 1861-ஆம் ஆண்டில் ரஞ்சோட்லால் சோட்டாலால் தம் முதல் ஆலையை ஓட்டத் தொடங்கியது முதல், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்நகரின் வாழ்வும் தாழ்வும் ஆலைச் சங்கின் ஓசையோடு பிணைந்து கிடந்தன. அத்தகைய நகரின் ஓரத்திலே, ஆலையில் நெய்த துணியை அறவே ஒதுக்கித் தம் கையால் நெய்ததையே உடுப்பது என்று ஒரு சிறு கூட்டம் உறுதி பூண்டது. அக்கூட்டத்திற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

1915-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், கோச்ரப் என்னும் சிற்றூரில் வாடகைக்கு எடுத்த ஒரு மாளிகையில் காந்தியடிகள் சத்தியாக்கிரக ஆசிரமத்தை நிறுவினார். அகமதாபாத் பழங்காலந்தொட்டே கைத்தறிக்குப் பேர்போன இடம். ஆதலின் கைத்தொழிலுக்கு மறுவாழ்வு தர அதுவே ஏற்ற களம் என்பது அவர் எண்ணம். தொடக்கத்தில் அங்கிருந்தோர் ஏறக்குறைய 25 பேர். அவருள் 13 பேர் தமிழர். அவர்களில் ஐந்து இளைஞர் தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தியடிகளோடு வந்தவர்கள்.

தறிகள் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றை ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அங்கிருந்தோர் அனைவரும் படித்துத் தொழில் பார்த்தவர்கள் அல்லது வணிகக் குடியினர். 'இந்து சுயராச்சியம்' என்ற நூலை 1909-இல் எழுதிய காலத்தில் தாம் தறியையோ இராட்டையையோ கண்ணாற் கண்டதாகக்கூட நினைவில்லை என்று காந்தியடிகளே பின்னர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

நெசவு, ஏட்டைப் படித்துக் கற்றுக்கொள்ளத் தக்க கலை அன்று. பாவு ஓட்ட வேண்டும். அதற்குக் கஞ்சி ஏற்ற வேண்டும். பின்னர் ஒவ்வோர் இழையையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் கோக்க வேண்டும். இவ்வளவும் முடியும்வரை ஓர் அங்குலத் துணியும் பிறவாது. மிதியை அழுத்தினால் பாவு மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஓடும். அது விட்டுச்சென்ற ஊடை இழையை அச்சு நெருக்கி வைக்கும். சொல்வதற்கு இவ்வளவே. ஆனால் கஞ்சி மிகுந்தால் இழை விறைத்து முறியும். குறைந்தால் உராய்ந்து நைந்து போகும். அந்தப் பதத்தை விரல்தான் அறியும். தெரிந்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து, தவறும் கையைப் பிடித்துத் திருத்தினாலன்றி அது கைவராது.

அப்படிப்பட்ட ஆசான் ஒருவர் பாலன்பூரிலிருந்து வரவழைக்கப்பட்டார். அவரோ தம் கலை முழுவதையும் வெளியிட்டாரில்லை. இதற்காக அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தந்தை மகனுக்கு மட்டுமே கொடுத்துவந்த தொழில் நுணுக்கம், அக்குடும்பத்தின் சோறு அல்லவா? ஊரார் பலரும் கூடி உட்கார்ந்து கற்கும் கல்வியாக அது என்றும் இருந்ததில்லை.

இந்தத் தடையை உடைத்தவர் மகன்லால் காந்தி. காந்தியடிகளின் ஒன்றுவிட்ட சகோதரர் குஷால்சந்தின் மைந்தர்; தென்னாப்பிரிக்காவில் பீனிக்ஸ் குடியிருப்பின் சுமையைத் தாங்கியவர்; இயந்திர நுட்பங்களில் இயல்பாகவே நாட்டமுடையவர். ஆனால் அவர் நெசவில் தேறிய கதையில் கசப்பான பகுதி ஒன்றும் உண்டு.

1915 செப்டம்பரில் தூதாபாய் என்ற ஆசிரியர், மனைவி தானிபென்னோடும் சிறு குழந்தை இலட்சுமியோடும் ஆசிரமத்தில் சேர்ந்தார். தீண்டத்தகாதார் என்று அக்காலச் சமூகம் ஒதுக்கிவைத்த குடும்பம் அது. நகரத்துச் செல்வர்களின் பொருளுதவி நின்றது. கிணற்றடியில் வசைமொழி எழுந்தது. ஆசிரமத்தினுள்ளேயும் அமைதி குலைந்தது. கஸ்தூரிபாய் அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. மகன்லாலின் மனைவி சந்தோக்கிற்கும் அவ்வாறே. மகன்லால் தம்பதியர் ஆசிரமத்தை விட்டுப் புறப்பட்டனர். அவர்கள் போய்ச்சேர்ந்த இடம் சென்னை. அங்குச் சில மாதங்கள் தங்கி நெசவு பயின்று, மனத்திலிருந்த தீண்டாமைக் கறையையும் கழுவிக்கொண்டு திரும்பினர்.

பல நூற்றாண்டுகளுக்குமுன் சௌராஷ்டிர நெசவாளர் தென்னாடு புகுந்து, மதுரையிலும் கும்பகோணத்திலும் பட்டுத்தறி நாட்டினர் என்பது நாம் அறிந்ததே. கத்தியவார்க் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தறித்தொழில் தேடித் தமிழ்நாட்டுக்கு வந்தது, அப்பழைய கடனை நாம் திருப்பியளித்தது போலும்!

1917-இல் கோச்ரப்பில் கொள்ளைநோய் பரவவே, ஆசிரமம் சபர்மதி ஆற்றங்கரைக்கு மாறியது. அங்கே ஒருவர் கற்று மற்றவருக்குக் கற்பிக்க, நெசவாளர் ஒருவர்பின் ஒருவராக உருவாகினர். எனினும் தறியில் ஏறியது ஆலை நூலே. வெளியூர் நெசவாளர் சிலர் சுதேசி நூலில் நெய்து கொடுக்க இசைந்தபோதும், நெய்த துணி முழுவதையும் ஆசிரமமே வாங்கிக்கொள்ள வேண்டுமென்று நிபந்தனை விதித்தனர். பின்னர், கங்காபென் மஜும்தார் என்ற அம்மையார் பரோடா இராச்சியத்து விஜாப்பூரில், பரண்களில் கிடந்த இராட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே கைந்நூல் கிடைத்தது. முதலில் நெய்த கதருக்குக் கெஜம் ஒன்றுக்குப் பதினேழு அணா அடங்கியது. அகலமோ 30 அங்குலமே. 45 அங்குல அகலத்தில் வேட்டி கிடைக்காவிட்டால் குட்டை வேட்டியே கட்டிக்கொள்வதாகக் காந்தியடிகள் அந்த அம்மையாருக்கு ஒரு மாதத் தவணை கொடுத்தார். மாதம் முடியுமுன் வேட்டிகள் வந்து சேர்ந்தன. சீராக முறுக்கேறாத கைந்நூல் பாவிலே அடிக்கடி அறுபடுவது. அதில் அத்தனை அகலம் நெய்வதென்றால் அது விளையாட்டன்று.

அதே காலத்தில் லாட்டி என்ற ஊரிலிருந்து ராம்ஜி என்னும் நெசவாளர் தம் மனைவியோடு ஆசிரமத்துக்கு அழைத்துவரப்பட்டார். அந்த அம்மையார் பெயரும் கங்காபென்தான், முன்னவரோடு மயங்கற்க. கைந்நூலை நெய்யும் வகையை அத்தம்பதியர் குஜராத்திலும் வெளியிலும் எண்ணற்றோருக்குக் கற்பித்தனர். அவர்கள் எக்குலத்தவர்? தூதாபாய் குடும்பத்தைப் போலவே தீண்டத்தகாதார் எனத் தள்ளப்பட்ட குலத்தவர்தாம். சில ஆண்டுகளுக்குமுன் அத்தகைய குடும்பம் ஒன்று கிணற்றை அணுகியதற்கே ஊர் கொதித்தது. அதே ஆசிரமத்தில் இப்போது மேற்குலத்து இளைஞர்கள் அவர்களருகே அமர்ந்து, அறுந்த இழையை முடியக் கற்றனர். எழுத்தறியாத அந்தக் கங்காபென் தறியில் அமர்ந்துவிட்டால், அவர் கண்களைத் தறியினின்று வேறு பக்கம் திருப்புவது அரிது என்று காந்தியடிகள் வியந்து எழுதியுள்ளார். ஆசிரமத்தின் வரலாற்றில் நான் முதன்மையாக மதிப்பது இந்த மாறுதலையே. வேட்டியின் அகலம் அதற்கு அடுத்ததுதான்.

1922 மார்ச்சில், அகமதாபாத் நீதிமன்றத்தில் தொழில் யாது என்று கேட்கப்பட்டபோது, பாரிஸ்டர் பட்டம் பெற்ற காந்தியடிகள் தம்மை உழவர் என்றும் நெசவாளர் என்றும் கூறிக்கொண்டார். அதற்குள் சபர்மதி பல மாகாணத் தொண்டர்கள் வந்து, பஞ்சு கொட்டுதல் முதல் நெசவு வரை கூடிப் பயிலும் பள்ளியாகிவிட்டது. மகன்லால் 1928 ஏப்ரல் 23-ஆம் நாள் பாட்னாவில் காலமானார். அவர் வாழ்ந்த வீடு 'மகன் நிவாஸ்' என்ற பெயரோடு ஆசிரமத்தில் நிற்கிறது. பலவகை இராட்டைகள் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டன.