சட்டத்தின் வாயிலில் நின்ற மக்கள்

சோழ நாட்டைப் பற்றிய பழங்கதைகளில் ஆராய்ச்சி மணி ஒன்று வருகின்றது. குறையுற்றவர் எவராயினும் அரண்மனை வாயிலில் கட்டப்பட்டிருந்த அந்த மணியை அசைக்கலாம். ஒலி கேட்டவுடன் அரசன் வெளியே வந்து விசாரிப்பான். கன்றை இழந்த பசு அசைத்தபோதும் மனுநீதிச் சோழன் வெளியே வந்தான் என்று இளமையிலேயே நாம் படித்திருக்கிறோம். இக்கதையில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது வேறு விஷயம். இதனுள் அடங்கிய அரசியல் உண்மை தெளிவானது. குடிகள் தம் குறையைச் சொல்ல ஒரு வாயில் திறந்திருக்கும் வரையில், அவர்களுடைய கோபம் கலகமாக மாறவேண்டிய அவசியம் நேர்வதில்லை. அந்த வாயில் அடைபடும்போதுதான் ஆபத்து தொடங்குகின்றது.

இந்த உண்மையை இருபதாம் நூற்றாண்டில் மிகுந்த விலை கொடுத்துக் கற்ற நாடு தென்னாப்பிரிக்கா. 1960-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் தேதி, டிரான்ஸ்வால் மாகாணத்தில், வெரீனிகிங் நகரத்தை அடுத்த ஷார்ப்வில் என்னும் கறுப்பர் குடியிருப்பில், போலீஸ் நிலையத்தின் முன் கூடியிருந்த மக்கள்மீது போலீஸார் சுட்டனர். அரசாங்கக் கணக்கின்படி 69 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். பிற்கால ஆராய்ச்சி, உண்மைத் தொகை இதனினும் அதிகம் என்றே காட்டுகின்றது. உலகத்தில் துப்பாக்கிப் பிரயோகங்கள் பல நிகழ்ந்திருக்கின்றன. ஆயினும் ஷார்ப்வில்லுக்கென ஒரு விசேஷம் உண்டு. அன்று அங்கே கூடிய மக்கள் போலீஸ் நிலையத்தைத் தாக்க வந்தவர்களல்லர். தங்களைக் கைது செய்யுமாறு கேட்க வந்தவர்கள்.

தம்மைச் சிறையில் அடைக்கும்படி மக்கள் தாமே ஏன் கேட்கவேண்டும்? காரணம் ஒரு சிறு புத்தகம். பதினாறு வயது நிரம்பிய ஒவ்வோர் ஆப்பிரிக்கரும் தம்முடன் எப்பொழுதும் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம் அது. அதில் அவருடைய புகைப்படம் இருக்கும். எந்த இடத்தில் வசிக்கலாம், எங்கே வேலை செய்யலாம் என்பவை இருக்கும். வரி செலுத்திய விவரம் இருக்கும். எஜமானருடைய கையெழுத்து இருக்கும். தெருவில் எந்தப் போலீஸ்காரரும், எந்த நேரத்திலும், அதைக் காட்டும்படி கேட்கலாம். இல்லையென்றால் அபராதம் அல்லது சிறை. தகுந்த அனுமதியில்லாமல் நகரப் பகுதியில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்குவதும் குற்றம். வெள்ளையருக்கு இத்தகைய புத்தகம் இல்லை.

இவ்வழக்கம் புதிதன்று. கேப் பகுதியில் டச்சுக்காரர் ஆட்சி நடந்த காலத்திலேயே, 1760-இல், அடிமைகள் ஊர்விட்டு ஊர் செல்ல எஜமானரின் சீட்டு வேண்டும் என்று விதித்தனர். அடிமைத்தனம் ஒழிந்த பின்னரும் சீட்டு ஒழியவில்லை. 1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1936-இல் இயற்றப்பட்ட சட்டமும், ஜனத்தொகையில் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கருக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று பங்கையே ஒதுக்கின. நிலம் போதாமையால் அவர்கள் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் வரவேண்டியதாயிற்று. அவர்களுடைய உழைப்பு வேண்டும், ஆனால் அவர்கள் குடிமக்களாக வேண்டா என்பதே ஆட்சியாளர் கொள்கை. 1948-இல் தேசியக் கட்சி பதவிக்கு வந்தபின், நிறப் பிரிவினை நாட்டின் சட்டமாகவே ஆக்கப்பட்டது. 1952-இல் அனுமதிப் புத்தகத்தை எங்கும் ஒரே மாதிரியாக்கிய சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘அனுமதிச் சீட்டுகளை ஒழிக்கும் சட்டம்’ என்பதுதான்! பெயரில் சீட்டு ஒழிந்தது. சட்டைப் பையில் புத்தகம் நுழைந்தது. பின்னர்ப் பெண்களும் இதற்கு உட்படுத்தப்பட்டனர். 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி, ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவிலுள்ள அரசாங்க மாளிகைக்குச் சென்று மனுக்களை அளித்தனர். பயன் விளையவில்லை.

இந்திய மக்களும் இத்தகைய காகிதத்தின் கொடுமையை அதே டிரான்ஸ்வாலில் அனுபவித்தவர்களே. ஆசியர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டுப் பெறவேண்டும் என்ற விதியை எதிர்த்தே, 1906-இல், காந்தியடிகளின் சத்தியாக்கிரக இயக்கம் ஜோகன்னஸ்பர்க்கில் தோன்றியது. 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் அந்நகரத்து ஹமீதியா பள்ளிவாசல் திடலில் கொளுத்தப்பட்டன. அப்போராட்டத்தில் தமிழர் பெருந்தொகையினராகச் சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் 1914-இல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழகம் அறியும். அது இந்தியர்களின் உரிமைக்காக நடந்த போர்; ஆப்பிரிக்கரின் சீட்டு அப்போது அப்படியே நின்றுவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எனினும், அநீதியான சட்டத்தை வெளிப்படையாக மீறி, அதற்குரிய தண்டனையை விரும்பி ஏற்பது என்னும் முறை அந்நாட்டின் மண்ணில் வேரூன்றிவிட்டது.

1960-இல் அம்முறையைக் கையாண்டவர் ராபர்ட் சோபுக்வே. விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக் கழகத்தில் மொழி கற்பித்து வந்த அவர், 1959-இல் தோன்றிய பான் ஆப்பிரிக்கன் காங்கிரசின் தலைவர். அவருடைய திட்டம் எளிமையானது. குறித்த நாளில் அனைவரும் அனுமதிப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குச் சென்று, ‘எங்களிடம் புத்தகம் இல்லை, கைது செய்யுங்கள்’ என்று சொல்லவேண்டும். ஜாமீன் கேட்பதில்லை, எதிர்வழக்காடுவதில்லை, அபராதம் கட்டுவதில்லை. சிறைகள் நிரம்பினால் சட்டம் தானே செயலற்றுப் போகும் என்பது அவர் எண்ணம். இயக்கம் பலாத்காரமின்றி நடக்கும் என்று போலீஸ் தலைமை அதிகாரிக்கு முன்கூட்டியே கடிதமும் எழுதினார். அன்று காலை தாமும் சோவெட்டோவிலுள்ள ஆர்லாண்டோ போலீஸ் நிலையத்துக்குச் சென்று கைதானார்.

ஷார்ப்வில்லில் காலை முதலே மக்கள் போலீஸ் நிலையத்தைச் சூழ்ந்தனர். அவர்கள் ஐயாயிரவர் என்பர் சிலர். அதனினும் மிகப் பலர் என்பர் வேறு சிலர். பெண்களும் குழந்தைகளும் அவர்களிடையே இருந்தனர். கூட்டத்தை மிரட்டிக் கலைக்க ஆகாய விமானங்கள் தாழப் பறந்தன. கவச வண்டிகள் வந்தன. நிலையத்துக்குள் போலீஸார் தொகை பெருகியது. அனுமதிச் சட்டத்தைப் பற்றிப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து பேசப் போகிறார் என்ற வதந்தியை நம்பியும் பலர் காத்திருந்தனர். பிற்பகல் ஒரு மணிக்குமேல் கம்பி வேலியருகே சிறு சலசலப்பு ஏற்பட்டது. சுடும்படி எவரும் கட்டளையிடவில்லை என்று பின்னர் விசாரணையில் அதிகாரிகள் கூறினர். கட்டளையின்றியே துப்பாக்கிகள் முழங்கின. கூட்டம் திரும்பி ஓடியது. ஓடியவர்கள்மீதும் குண்டுகள் பாய்ந்தன. காயமுற்றோரில் பெரும்பாலோர் முதுகுப் புறத்திலேயே சுடப்பட்டிருந்தனர் என்பதை மருத்துவச் சாட்சியம் காட்டியது.

போலீஸார் தரப்பில் சொல்லப்பட்ட சமாதானத்தையும் நாம் கேட்கவேண்டும். அதே ஆண்டு ஜனவரி மாதத்தில், டர்பன் நகரத்தைச் சேர்ந்த கேட்டோ மேனரில், சோதனைக்குச் சென்ற போலீஸார் ஒன்பது பேரை ஆத்திரமுற்ற கூட்டம் கொன்றது. அந்த அச்சம் ஷார்ப்வில் போலீஸார் உள்ளத்தில் இருந்திருக்கலாம். ஆனால் அச்சம் ஒரு காரணமாகுமே யன்றி, நியாயமாகாது. மேலும், அந்த அச்சம் எங்கிருந்து பிறந்தது? நாள்தோறும் மக்களை வழிமறித்து, சீட்டைக் கேட்டு, இழுத்துச் செல்வதையே வேலையாக உடைய காவலன், அம்மக்களின் முகத்தில் பகையைத் தவிர வேறெதையும் காண இயலாதவனாகிறான். நிறத்தால் மக்களைப் பிரித்த சட்டம், காவலனையும் மக்களிடமிருந்து பிரித்துவிட்டது.

வேறு விதமாகவும் நடந்திருக்கக்கூடும் என்பதற்கு, ஒன்பது நாட்களுக்குப் பின் நிகழ்ந்த ஒரு சம்பவமே சான்று. மார்ச்சு 30-ஆம் தேதி, கேப்டவுன் நகரத்துக் கறுப்பர் குடியிருப்புக்களிலிருந்து ஏறத்தாழ 30,000 பேர் நகரத்தின் நடுவே நடந்து சென்றனர். அவர்களை நடத்திச் சென்றவர் பிலிப் கொசானா. அவருக்கு வயது 23. கேப்டவுன் பல்கலைக் கழகத்தில் படித்துக் கொண்டிருந்தவர். அன்று போலீஸ் அதிகாரியாக இருந்த கர்னல் டெர்பிளான்ஷ், துப்பாக்கியை நாடாமல் அவ்விளைஞரோடு பேசினார். மந்திரியைச் சந்திக்க ஏற்பாடு செய்வதாக வாக்களிக்கப்பட்டது. கொசானா கேட்டுக்கொண்டவுடனே அத்தனை பெரிய கூட்டமும் அமைதியாக வீடு திரும்பியது. ஓர் உயிரும் போகவில்லை. ஷார்ப்வில்லில் கூடியவர்களைப் போலவே இவர்களும் அதே சட்டத்தால் நொந்தவர்கள். அங்கே சிந்திய இரத்தத்தைக் கேட்டு மேலும் கொதித்தவர்கள். எனினும் ஒரு மனிதர் காது கொடுத்ததும் அவர்கள் கோபம் அடங்கியது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மாலையில் மந்திரியைப் பார்க்க வந்த கொசானா கைது செய்யப்பட்டார். கொடுத்த வாக்குக் காற்றில் போயிற்று. அதே நாளில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. ஏறத்தாழ 18,000 பேர் சிறைப்பட்டனர். ஏப்ரல் 8-ஆம் தேதி, ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசும் பான் ஆப்பிரிக்கன் காங்கிரசும் சட்ட விரோதமான ஸ்தாபனங்களாக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் இயற்றிய ஒரு சட்டத்தால், அக்காலத்தில் அதிகாரிகள் செய்த செயல்களுக்காக அவர்கள்மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி பாதுகாப்பும் அளிக்கப்பட்டது. மனுவுக்கும், ஊர்வலத்துக்கும், கட்சிக்கும், நீதிமன்றத்துக்கும் உரிய வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்பட்டன.

விளைவு என்ன? 1961-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி, நெல்சன் மண்டேலா முதலியோர் அமைத்த ஆயுதப் படை தன் முதற் செயலில் இறங்கியது. அரை நூற்றாண்டுக் காலம் மனு எழுதியும் ஊர்வலம் வந்தும் பார்த்த இயக்கம் ஆயுதம் எடுத்தது. அமைதியாகக் கேட்போரை அடக்கிவிட்டதாக அரசாங்கம் நினைத்தது. உண்மையில், அமைதியாகக் கேட்பதால் பயனில்லை என்பதை மக்களுக்கு அதுவே கற்பித்தது.

உலகமும் விழித்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தென்னாப்பிரிக்காவின் நிறக் கொள்கையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டனும் பிரான்சும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன. 1966-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, மார்ச்சு 21-ஆம் நாளை இன வேற்றுமை ஒழிப்புக்குரிய சர்வதேச நாளாக அறிவித்தது. எனினும் அனுமதிச் சட்டம் 1986-இல்தான் நீக்கப்பட்டது. 1994-இல் எல்லா நிறத்தாரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, குடியரசுத் தலைவர் மண்டேலா புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டார். கையெழுத்திடத் தேர்ந்த இடம் தலைநகரமன்று, ஷார்ப்வில்!

இத்துடன் பேச்சை முடித்துக்கொண்டால் மனத்துக்கு இனிமையாக இருக்கும். ஆனால் சரித்திரம் படிப்போர் இனிமையை மட்டும் நாடலாகாது. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி, ஜனநாயகத் தென்னாப்பிரிக்காவில், மாரிக்கானா என்ற இடத்தில், கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் 34 பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்றனர். அதற்கு முந்திய சில நாட்களில் போலீஸார் உட்படப் பத்துப் பேர் அங்கே மாண்டிருந்தனர் என்பதும் உண்மை. அப்பொழுது ஆட்சி பெரும்பான்மையினர் கையில் இருந்தது. அனுமதிப் புத்தகம் இல்லை. அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. ஆனாலும் துப்பாக்கி வெடித்தது. நிறவெறியை ஒழிப்பது மிகப் பெரிய காரியம். ஆயினும் அது ஒன்றே போதாது. காவலன் தன்னை யாருக்குப் பொறுப்பாளி என்று நினைக்கிறான் என்பதும் முக்கியம்.

மாணவர்களே, எந்த நாட்டிலாயினும் இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, முதலில் கல்லெறிந்தவர் யார், முதலில் சுட்டவர் யார் என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அவை கேட்கவேண்டிய கேள்விகளே. அவற்றோடு இன்னும் இரண்டையும் கேளுங்கள். சுடுவதற்கு முன், அம்மக்கள் தம் குறையைச் சொல்ல எந்த வாயில் திறந்திருந்தது? சுட்ட பின், இறந்தவரின் சுற்றத்தார் நீதி கேட்க எந்த வாயில் திறந்திருந்தது? ஷார்ப்வில்லில் இரண்டும் அடைபட்டிருந்தன. 1998-இல் வெளியான உண்மை மற்றும் நல்லிணக்கக் குழுவின் அறிக்கைதான், அமைதியாகக் கூடிய நிராயுதபாணிகள்மீது போலீஸார் வேண்டுமென்றே சுட்டனர் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லியது. 38 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம். அதற்குள், அதைக் கேட்கவேண்டிய தாய்மாரில் பலர் உயிரோடு இல்லை.