கராச்சி டு சென்னை: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. பறக்க வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோதான் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் ஒரு பழைய விமானப் பாதையின் கதை நம் ஊருக்கும் கொஞ்சம் சொந்தம்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டு ஆலை இங்கே இருந்தது. திண்டுக்கல் சுருட்டு இங்கிலாந்து வரை போனது. (சர்ச்சில் கதை எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.) சுருட்டு கப்பலில் போகலாம். வியாபாரக் கடிதம் வேகமாக வர வேண்டாமா?

1929 மார்ச் 30-ல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன் - கராச்சி விமானத்தைத் தொடங்கியது. ஏழு நாள் பயணம். அதிலும் பாசலிலிருந்து ஜெனோவா வரை ரயில்! ஆனால் கராச்சியில் இறங்கிய தபால் தெற்கே வர மறுபடியும் நாள்கணக்கில் ரயில்தான்.

இந்த இடைவெளியைப் பிடித்தது டாடா நிறுவனம். 1932 அக்டோபர் 15 காலையில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சி டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து சுமார் 25 கிலோ தபாலுடன் கிளம்பினார். விமானம் ஒற்றை எஞ்சின் பஸ் மாத். அகமதாபாத்தில் பெட்ரோல் போட்டார்கள். அந்தப் பெட்ரோல் டின்கள் வந்தது மாட்டு வண்டியில்! மதியம் இரண்டு மணிக்குள் பம்பாய் ஜூஹுவில் இறங்கிவிட்டார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டினார். சென்னையிலிருந்து நம் ஊருக்கு ரயிலில் ஒரு ராத்திரிதான்.

இப்போது கணக்கு. கராச்சி - சென்னை நேர்கோட்டில் சுமார் 1,900 கி.மீ. அகமதாபாத், பம்பாய், பெல்லாரி என்று வளைந்து வந்தாலும் சுமார் 2,075 கி.மீ.தான். பஸ் மாத் மணிக்கு 160 கி.மீ. அளவில் பறந்தது. அதாவது வானத்தில் இருந்த நேரம் 13 மணி நேரம் போல. இன்றைய ஜெட் நேராகப் பறந்தால் இரண்டரை மணி நேரம், கூடப் போனால் மூன்று.

பறந்தால்தானே! 1947-ல் கராச்சி வேறு நாடாகிவிட்டது. அப்படியும் 1982 அக்டோபர் 15-ல், 78 வயதில், டாடா அதே கராச்சியிலிருந்து ஒரு சின்ன விமானத்தைத் தானே ஓட்டி பம்பாய்க்கு வந்தார். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 2021-ல் ஆரோஹி பண்டிட் அந்தப் பயணத்தை மீண்டும் செய்தபோது புறப்பட்ட இடம் கராச்சி அல்ல, குஜராத்தின் புஜ். 2025 ஏப்ரலில் இரண்டு நாடுகளும் மற்றவர் விமானங்களுக்கு வான்வெளியையே மூடின.

துபாய் வழியாகச் சுற்றினால் கராச்சி - துபாய் சுமார் 1,190 கி.மீ., துபாய் - சென்னை சுமார் 2,930 கி.மீ. மொத்தம் 4,100-ஐத் தாண்டுகிறது. பறப்பதே ஆறு மணி நேரம். துபாயில் உட்கார்ந்திருக்கும் நேரம் தனி, விசாவுக்குக் காத்திருப்பது அதைவிடத் தனி.