சமுதாயக் கல்லூரிகளில் பன்னாட்டுக் கல்வி: கற்பித்தல் வளங்களின் வழியே ஒரு வரலாறு

அமெரிக்க உயர்கல்வி அமைப்பில் சமுதாயக் கல்லூரி என்பது, தன் வட்டாரத்து மக்களைக் கடும் நுழைவுத் தேர்வால் வடிகட்டாமல் சேர்த்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களையும் செவிலியம், கணக்கியல், சமையற்கலை, வாகனப் பழுதுநீக்கம் போன்ற தொழிற்பயிற்சிகளையும் குறைந்த கட்டணத்தில் வழங்கும் நிறுவனமாகும். உள்ளூர் வரிப்பணத்தையும் மாநில நிதியையும் நம்பி, உள்ளூர் வேலைவாய்ப்புகளைக் கருத்தில் கொண்டு அமைக்கப்பட்ட இத்தகைய கல்லூரிக்குப் பிற நாடுகளின் மொழியோடும் வரலாற்றோடும் பண்பாட்டோடும் என்ன தொடர்பு என்ற கேள்வி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு மீண்டும் மீண்டும் எழுந்தது. மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதுமே பன்னாட்டுக் கல்வி என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், சமுதாயக் கல்லூரிகளைப் பொறுத்தவரை அதன் மெய்யான வளர்ச்சி வகுப்பறைக்குள், ஆசிரியர்கள் தாமே உருவாக்கிய பாடப்பொருள்களின் வழியாகவே நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

தோற்றமும் முதல் நோக்கங்களும்

1901-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து வகுத்த திட்டத்தின்படி ஆறு மாணவர்களோடு, சமுதாயக் கல்லூரியின் முன்வடிவமான ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகம் ஆய்விலும் உயர்படிப்பிலும் கவனம் செலுத்த ஏதுவாக முதலிரண்டு ஆண்டுகளின் கற்பித்தலை வேறோர் இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது ஹார்ப்பரின் எண்ணம். 1907-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் உயர்நிலைப் பள்ளிகள் மேற்படிப்பு வகுப்புகளை நடத்த வழிவிட்டது. 1920-இல் இக்கல்லூரிகளுக்கென ஒரு தேசியச் சங்கமும் உருவானது. இந்தக் காலகட்டத்துப் பாடத்திட்டத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகள் இடம்பெற்றது மாணவர் பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லத் தேவைப்பட்டதால்தானே தவிர, உலகை அறிவிக்க வேண்டும் என்ற தனி நோக்கத்தால் அன்று.

அந்த நோக்கத்தைத் தெளிவாக முன்வைத்தது, அதிபர் ட்ரூமன் அமைத்து ஜார்ஜ் ஸூக் தலைமையில் இயங்கிய உயர்கல்வி ஆணையம். சமுதாயக் கல்லூரி என்ற பெயரை நாடெங்கும் பரப்பிய இவ்வாணையத்தின் 1947-ஆம் ஆண்டு அறிக்கை, பள்ளிக்குப் பிந்தைய முதலிரண்டு ஆண்டுக் கல்வி கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று கூறியதோடு, பன்னாட்டுப் புரிந்துணர்வை உயர்கல்வியின் முதன்மை இலக்குகளுள் ஒன்றாகவும் வைத்தது. இரண்டாம் உலகப் போரின் அழிவுக்குப் பின் எழுதப்பட்ட அந்த அறிக்கையில் இவ்விரு கருத்துகளும் ஒரே மூச்சில் பிறந்தவை. ஆயினும் முதற்கருத்துக்குக் கட்டடங்களும் நிதியும் கிடைத்த அளவுக்கு இரண்டாம் கருத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகங்களுக்குச் சென்ற நிதி

1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதன் எதிர்வினையாக 1958-இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், அதன் ஆறாம் பிரிவின் மூலம் அரிய மொழிகளையும் வட்டார ஆய்வுகளையும் வளர்க்க நடுவண் அரசின் பணத்தை ஒதுக்கியது. வட்டார ஆய்வு என்பது தெற்காசியா, லத்தீன் அமெரிக்கா போன்ற ஒரு நிலப்பகுதியின் மொழி, வரலாறு, அரசியல், பொருளியல் ஆகியவற்றைச் சேர்த்து ஆராயும் துறையாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் தமிழ் கற்பித்தலுக்கும் இப்பிரிவின் உதவி கிட்டியிருக்கிறது. ஆனால் இப்பணம் பெரும்பாலும் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களுக்கே சென்றதால், அங்கு உருவான நூல்களும் நூலகத் திரட்டுகளும் அறிஞர்களுக்குப் பயன்பட்டனவேயன்றி, முதலாண்டு மாணவர்க்குப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு எட்டவில்லை.

1966-இல் நிறைவேறிய பன்னாட்டுக் கல்விச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கக்கூடும். இளநிலைப் படிப்புகளுக்கும் உதவி செய்ய அது வகைசெய்திருந்தது. வியட்நாம் போரின் செலவும் அரசியல் சச்சரவும் சூழ்ந்த அந்தக் காலத்தில் அமெரிக்கப் பேராயம் அச்சட்டத்துக்கு ஒருபோதும் பணம் ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் சராசரியாக வாரத்துக்கு ஒன்று என்னும் வேகத்தில் புதிய சமுதாயக் கல்லூரிகள் திறக்கப்பட்ட பத்தாண்டுகளும் அவையே என்பதால், அந்தத் தவறிய வாய்ப்பின் இழப்பு பெரிது. கல்லூரிகளின் பாடத்திட்டம் வகுக்கப்பட்டபோதே உலகக் கல்வி அதில் சேர்ந்திருந்தால், பின்னர் அதைக் கதவு தட்டி உள்ளே கொண்டுவர வேண்டியிருந்திராது.

கல்லூரிகளின் சொந்த முயற்சிகள்

1970-களில் கல்லூரிகள் தம்முள் கூடிச் செயல்படத் தொடங்கின. நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் சமுதாயக் கல்லூரி வெளிநாட்டுப் படிப்புத் திட்டங்களில் முன்னோடியாக விளங்கியது. புளோரிடாவின் பிரெவார்ட் சமுதாயக் கல்லூரித் தலைவர் மேக்ஸ்வெல் கிங்கின் முன்முயற்சியால் 1976-இல் சில கல்லூரிகள் சேர்ந்து, பிற நாடுகளின் தொழிற்கல்வி நிறுவனங்களோடு ஒத்துழைக்கும் பன்னாட்டு வளர்ச்சிக் கூட்டமைப்பை உருவாக்கின. அதிபர் கார்ட்டர் அமைத்து, ஜேம்ஸ் பெர்க்கின்ஸ் தலைமையில் இயங்கிய அயல்மொழி, பன்னாட்டு ஆய்வு ஆணையம் 1979-இல் அளித்த அறிக்கை, இவ்வகைக் கல்வியில் சமுதாயக் கல்லூரிகளுக்கும் பங்குண்டு என்பதை ஏற்றது.

இருப்பினும் வெளிநாட்டுப் பயணம் என்ற வழி இக்கல்லூரிகளில் குறுகலாகவே இருந்தது. பகலில் வேலை பார்த்து மாலையில் படிப்பவர், குழந்தை வளர்ப்பவர், கல்விக் கடனுக்கு அஞ்சுபவர், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர் ஆகியோரே மாணவர்களில் பெரும்பகுதியினர் என்பதால், ஒரு பருவம் முழுவதையும் அயல்நாட்டில் கழிக்க இயன்றவர் மிகச் சிலரே. தொழிற்பயிற்சி மாணவருக்கோ கட்டாயப் பாடங்கள் நிறைந்திருந்ததால் புதிய விருப்பப் பாடம் ஒன்றை எடுப்பதற்கும் இடமில்லை. இத்தடைகளிலிருந்தே உட்சேர்ப்பு எனத்தக்க முறை பிறந்தது. தனிப் பாடம் ஒன்றைப் புதிதாகத் தொடங்காமல், ஏற்கெனவே எல்லோரும் படிக்கும் பாடங்களுக்குள் பிற நாட்டுச் செய்திகளைச் சேர்ப்பதே அது. செவிலியப் பாடத்தில் நோய் பற்றியும் மரணம் பற்றியும் வெவ்வேறு சமூகங்கள் கொண்டுள்ள நம்பிக்கைகளைச் சேர்ப்பதும், கட்டுரைப் பயிற்சியில் ஆசிய, ஆப்பிரிக்க எழுத்தாளரின் படைப்புகளை வாசிக்க வைப்பதும், வணிகப் பாடத்தில் பிற நாட்டுச் சந்தை வழக்கங்களை விளக்குவதும் இதன் எடுத்துக்காட்டுகள். இம்முறைக்குத் தேவைப்பட்டது விமானச் சீட்டு அன்று. ஒரு வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ வகுப்பில் பயன்படுத்தத் தக்க வாசிப்புப் பகுதிகள், வரைபடங்கள், பயிற்சி வினாக்கள், திரையிடல் குறிப்புகள் ஆகியவை அடங்கிய பாட அலகுகளே.

கபியோலானி: ஒரு கல்லூரியின் அனுபவம்

இம்முறையின் வளர்ச்சியை ஹவாய் மாநிலத்தின் ஹொனலுலு நகரிலுள்ள கபியோலானி சமுதாயக் கல்லூரியில் நெருக்கமாகக் காணலாம். கலாகௌவா மன்னரின் துணைவியான அரசி கபியோலானியின் பெயரைத் தாங்கிய இந்நிறுவனம், 1946-இல் உணவுப் பணிப் பயிற்சி அளிக்கும் தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கியது. ஹவாய் 1959-இல் மாநிலமான பின், 1964-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அத்தீவுகளின் தொழில்நுட்பப் பள்ளிகள் ஹவாய் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்து, 1965 முதல் சமுதாயக் கல்லூரிகளாக இயங்கின. பின்னர் கல்லூரி நகரின் பென்சகோலா தெருவிலிருந்து டைமண்ட் ஹெட் மலையடிவாரத்துக்குப் படிப்படியாக இடம்பெயர்ந்தது.

கரும்புத் தோட்டங்களில் உழைக்க 1852 முதல் சீனரும், 1885 முதல் பெருந்தொகையில் ஜப்பானியரும், இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் கொரியரும் பிலிப்பைன்ஸ் மக்களும் வந்து குடியேறிய தீவுகளில், ஆசியாவைப் பற்றிய பாடம் என்பது மாணவர் பலருக்குத் தம் பாட்டன் பாட்டியரின் வரலாறாகவே இருந்தது. அதே வேளையில், தீவுகளின் பொருளாதாரம் தோட்டத் தொழிலிலிருந்து சுற்றுலாவுக்கு மாறிவிட்டிருந்தது. 1980-களில் ஜப்பானியப் பயணியரின் வருகை பெருகியபோது, உணவக, விடுதிப் பணிகளுக்குச் செல்வோர் அவர்களின் மொழியையும் நாகரிகத்தையும் அறிந்திருக்க வேண்டிய நிலை வந்தது. தன்னடையாளம் தேடும் கல்வியும் வேலைக்கு ஆயத்தமாக்கும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையாக அன்றி ஒன்றாகச் சேரக்கூடிய இடம் இது.

1980-களின் நடுவில் இக்கல்லூரி ஆசிய-பசிபிக் அழுத்தம் என்ற கொள்கையை ஏற்றது. எல்லாத் துறைகளின் பாடங்களிலும் ஆசியாவும் பசிபிக் தீவுகளும் இயன்ற அளவு இடம்பெற வேண்டும் என்பதே இதன் பொருள். மானிடவியல், இலக்கியம், ஜப்பானியம், சீனம், கொரியம், ஹவாய் மொழி ஆகிய பாடங்களோடு நில்லாமல் சமையற்கலை, உடல்நலப் பணிகள், வணிகம் ஆகிய துறைகளின் ஆசிரியரும் இதில் பங்குகொள்ள வேண்டும் என்பது இக்கொள்கையின் சிறப்பு. அந்த அனுபவத்தின் பயனாக, கெல்லாக் அறக்கட்டளையின் நல்கையுடன், ராபர்ட் ஃபிராங்கோவும் ஜேம்ஸ் ஷிமபுகுரோவும் பதிப்பித்த 'வகுப்பறைக்கு அப்பால்' என்ற பொருள்படும் தலைப்பிலான தொகுதிகள் 1992-இல் கல்லூரியால் வெளியிடப்பட்டன. கற்பித்த ஆசிரியர்களே தம் பட்டறிவை எழுதி, பிற கல்லூரி ஆசிரியரும் எடுத்தாளும்படி வைத்தனர் என்பதில்தான் அவற்றின் மதிப்பு இருக்கிறது. பல்கலைக்கழக அறிஞர் எழுதிய நூலைச் சுருக்கிக் கற்பிப்பதைவிட இது மேலானது. தன் மாணவரின் வாசிப்புத் திறனையும் நேரமின்மையையும் அறிந்தவரே அவருக்கான பாடப்பொருளைச் சரியாக அமைக்க முடியும்.

பகிர்வுக்கான அமைப்புகள்

ஒரு கல்லூரியில் உருவான பொருள் மற்றொன்றைச் சென்றடைய வாயில்கள் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1966-இல் ஆர்தர் கோஹன் பொறுப்பில் தொடங்கிய இளநிலைக் கல்லூரி ஆவண மையம், அச்சுக்கு வராத பாடத்திட்டங்களையும் திட்ட அறிக்கைகளையும் திரட்டி, மைக்ரோஃபிஷ் எனப்படும் நுண்படத் தகடுகளில் நூலகங்களுக்கு வழங்கியது. ஹொனலுலுவிலுள்ள கிழக்கு-மேற்கு மையமும் ஹவாய் பல்கலைக்கழகமும் இணைந்து 1990-களின் தொடக்கத்திலிருந்து நடத்திய ஆசிய ஆய்வு வளர்ச்சித் திட்டம், ஆசியவியலில் பயிற்சி பெறாத ஆசிரியர்களைக் கோடைப் பயிலரங்குகளுக்கு அழைத்து, அவர்கள் தம் பாடங்களில் சேர்க்கத் தக்க அலகுகளை எழுதி முடிக்கும்படி செய்தது. மிச்சிகனின் கலமஸூ வேலி சமுதாயக் கல்லூரியை மையமாகக் கொண்ட மத்திய மேற்கு நிறுவனமும் இதே முறையில் பல மாநிலக் கல்லூரிகளின் ஆசிரியரை ஒன்றுசேர்த்தது. 1994-இலும் 1996-இலும் வர்ஜீனியாவின் ஏர்லி மையத்தில் ஸ்டான்லி அறக்கட்டளையின் துணையோடு நடந்த கருத்தரங்குகள், உலகறிவுடைய கற்போர் எத்தகையவர் என்பதற்கு ஒரு வரையறையை அளித்தன. அவ்வரையறை மதிப்புடையதே, ஆனால் கோடைப் பயிலரங்குகள் விட்டுச்சென்ற பாட அலகுகள் அளவுக்கு அது வகுப்பறைகளை மாற்றவில்லை.

2000-க்குப் பின் வளங்களின் வடிவம் மாறியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2001-இல் தன் பாடப்பொருளை இணையத்தில் திறந்துவிடும் திட்டத்தை அறிவித்தது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் மறுபகிர்வு செய்யவும் உரிமம் பெற்ற பொருள்கள் திறந்த கல்வி வளங்கள் எனப்படுகின்றன. அவற்றுக்கான சமுதாயக் கல்லூரிக் கூட்டமைப்பு கலிபோர்னியாவின் ஃபுட்ஹில்-டி ஆன்ஸா கல்லூரி வட்டத்தின் முன்முயற்சியால் 2007-இல் அமைந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் நிறுவிய மையம், இரு நாட்டு ஆசிரியர் சேர்ந்து ஒரே பாடத்தை இணையவழி நடத்தும் முறையைப் பரப்பியது. பயணம் செய்ய இயலாத மாணவருக்கு அயல்நாட்டு மாணவரோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பை இது அளித்தது. 2007-இல் தொடங்கிய அமெரிக்க வெளியுறவுத் துறைத் திட்டம் ஒன்றின் கீழ் இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து மாணவர்கள் ஓராண்டு சமுதாயக் கல்லூரிகளில் பயின்றனர். இதற்கு முன்பே புதுச்சேரியில் 1995-இலும் சென்னையில் 1996-இலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றியிருந்தன. அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் முன்னின்று வளர்த்த அவ்வியக்கம் அமெரிக்க மாதிரியின் தொழிற்பயிற்சிப் பகுதியையே பெரிதும் எடுத்துக்கொண்டது. நலிந்த பிரிவினரின் வேலைவாய்ப்பே அதன் முதற்கவலையாக இருந்ததால் அது இயல்பே.

இவ்வளர்ச்சியின் பலவீனம் அதன் நிதியில் உள்ளது. அறக்கட்டளை நல்கைகளும் ஆறாம் பிரிவு நல்கைகளும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கே வழங்கப்பட்டன. 2011-இல் ஆறாம் பிரிவின் திட்டங்களுக்கான நடுவண் நிதி ஏறத்தாழ 40 விழுக்காடு வெட்டப்பட்டது. இளநிலைக் கல்லூரி ஆவண மையமும் 2003-இல் மூடப்பட்டது. வெளிநாட்டு மாணவர் செலுத்தும் உயர்ந்த கட்டணம் சில கல்லூரிகளுக்கு வருவாயாக அமைந்தபோது, பன்னாட்டு அலுவலகத்தின் கவனம் மாணவர் சேர்க்கைக்கு நகர்ந்து, உள்ளூர் மாணவரின் பாடத்திட்டம் பின்தங்கும் இடரும் எழுந்தது. ஒரு பருவத்துக்கு ஐந்து வகுப்புகள் வரை நடத்தும் ஆசிரியர் தம் கோடை விடுமுறையில் எழுதிய அலகுகளின்மேல் கட்டப்பட்ட கல்வி இது. அந்த எழுத்துப் பணியைக் கற்பித்தல் பளுவின் பகுதியாகக் கணக்கிட்டு நேரம் ஒதுக்கும் கல்லூரியில்தான் பன்னாட்டுக் கல்வி நல்கை முடிந்த பின்னும் நிலைத்து நிற்க முடியும். அவ்வாறு செய்யாத கல்லூரியில் அது எழுதிய ஆசிரியரின் ஓய்வோடு முடிந்துவிடும்.