வேலனும் வேதாளமும் டைலன் டாக்கும்

மலர்க் கட்டுரை என்றாலே சங்க இலக்கியம், சிற்பம், கல்வெட்டு என்று எழுதுவது நம் வழக்கம். இம்முறை நான் எடுத்துக்கொண்டது காமிக்ஸ். அதிலும் பேய்க்கதைக் காமிக்ஸ். "இதுல ஆராய என்ன சார் இருக்கு?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1986-இல் இத்தாலியின் மிலான் நகரில் பொனெல்லி பதிப்பகம் 'டைலன் டாக்' என்ற மாத இதழைத் தொடங்கியது. படைத்தவர் திட்சியானோ ஸ்கிளாவி. நாயகன் ஸ்காட்லாந்து யார்டை விட்டு விலகிய லண்டன்காரன். பேய், பிசாசு, கொடுங்கனவு ஆகியவற்றை மட்டுமே துப்பறிபவன். அவன் வீட்டு அழைப்பு மணி அலறும். உதவியாளனுக்கோ நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸின் முகம்! இத்தொடர் 2020-இன் தொடக்கத்தில் 400-ஆவது இதழைத் தொட்டது. அமெரிக்காவில் இதே வகையில் வந்த 'ஹெல்பிளேசர்' 1988 முதல் 2013 வரை 300 இதழ்கள் ஓடியது.

பேய் எல்லா ஊரிலும் உண்டு. பேய்க்கதை இத்தனை ஆண்டுகள் நிற்பது எப்படி? என் எண்ணம் இது: பேய் பயமுறுத்தும், அவ்வளவுதான். தொடரை நிலைக்க வைப்பவன், அதை நிறுத்திக் கேள்வி கேட்கிற ஆள். டைலன் டாக் வருகிறவர் சொல்வதையெல்லாம் நம்பிவிட மாட்டான். பல கதைகளில் பேயைவிடக் கொடியவர் மனிதர் என்ற இடத்தில்தான் விசாரணை முடியும்.

இந்த விசாரணை நமக்குப் புதிதன்று. அகப்பாடல்களில் மகள் மெலிகிறாள். தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு இட்டுப் பார்த்து, "இது முருகனால் வந்த நோய்" என்கிறான். ஆடு பலியாகிறது, வெறியாட்டு நடக்கிறது. உண்மைக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். 'வெறி பாடிய காமக்கண்ணியார்' என்று ஒரு புலவருக்குப் பெயரே அமையும் அளவுக்கு இத்துறை புகழ்பெற்றது. வேலன் தவறாகத் துப்பறிகிறான், தோழி சரியாகத் துப்பறிகிறாள் என்றும் சொல்லலாம் அல்லவா?

அடுத்து விக்கிரமாதித்தன். 1947-இல் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் வேதாளக் கதை பல பத்தாண்டுகள் வந்தது. பழைய நூலில் உள்ளவை இருபத்தைந்து கதைகளே. இதழிலோ புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தன. வாளும் தோளில் பிணமுமாக மன்னன் நடக்கும் ஓவியர் சங்கரின் படத்தை யார் மறப்பார்? இங்கே கேள்வி கேட்பது வேதாளம், பதில் சொல்வது மன்னன். கன்னடத்தில் 'சந்தமாமா' படித்த பெங்களூரு நண்பர்களுக்கும் அதே படம், அதே பயம்!

சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் பிறந்தன. லயன் குழுமத்திலிருந்து 'திகில்' வந்தது 1986-இல். டைலன் டாக் பிறந்த அதே ஆண்டு. கறுப்புக் கிழவி சொன்ன கதைகளைப் படித்துவிட்டு ராத்திரி தனியே கொல்லைப்புறம் போகப் பயந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் 'திகில்' போகப் போக மற்ற நாயகர்களையும் சேர்த்துக்கொண்டு, பிறகு நின்றுபோனது. கிழவி கதை சொன்னாள். பேயை விசாரிக்க நிலையான ஆள் அங்கே இல்லை. 2010-களில் டைலன் டாக்கே தமிழ் பேசி வந்ததும் அதே சிவகாசியிலிருந்துதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1990-களில் பெங்களூருவில் ஒரு புரளி பரவியது. இரவில் ஒரு பெண் பேய் கதவைத் தட்டும், தெரிந்தவர் குரலில் கூப்பிடும், திறந்தால் தீர்ந்தது! அதனால் கதவுகளில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதி வைத்தார்கள். 'நாளை வா' என்று பொருள். தினமும் படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம். கன்னடர் வீடு, தமிழர் வீடு என்ற வேறுபாடு அந்தச் சுண்ணக்கட்டிக்கு இல்லை. "பேய்க்குக் கன்னடம் படிக்கத் தெரியுமா?" என்று கேலி செய்தவர்களும் இருட்டியதும் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார்கள். பேய் இருந்தது, நகரம் இருந்தது, விசாரிக்க ஒரு டைலன் டாக் மட்டும் இல்லை. 2018-இல் வந்த 'ஸ்திரீ' என்ற இந்திப் படம் இக்கதையை எடுத்துக்கொண்டது. நாம் இன்னும் எழுதவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இங்கு பிறந்த நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், படிப்பதில்லை. "எழுத்துக் கூட்டிப் படிடா" என்றால் ஓடுகிற பையன், பக்கத்தைத் திருப்பினால் பேய் வரும் என்றால் நிற்பான். நான் தமிழ் படிக்கப் பழகியதில் பாதி காமிக்ஸ் குமிழிகளில்தான். அந்தப் பழைய இதழ்கள் மலிவுத் தாளில் அச்சானவை. பரணில் மஞ்சளித்து, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. வீட்டில் பழைய 'திகில்', 'அம்புலிமாமா' வைத்திருப்போர் சங்க நூலகத்துக்குத் தாருங்கள். நூலகமும் அதற்கென ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும். 'நாளே பா' நாட்களை நேரில் கண்டவர்கள், எந்தத் தெரு, எந்த ஆண்டு, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்பதை எழுதித் தாருங்கள். படம் போடத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதை வேண்டும்.